ஒரு சாணுக்குள் பியூஸ்



இந்த வாரப் பொட்காஸ்ட்டில் லித்தியம் பற்றரிகளைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சோம். புளூடூத் ஆப், சார்ஜ் ஆகும் வேகம், எத்தனை வருடம் உழைக்கும் என்று எல்லாமே வந்தது. பியூஸ் பற்றி மட்டும் இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை. அந்தக் குறை என்னுடையது. அதைத் தீர்க்கத்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். படகில் லித்தியம் பற்றரி வைத்திருக்கிறீர்கள், ஆனால் அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் சரியான பியூஸ் இல்லை என்றால், அந்தப் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஆப்பில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தாலும் சரி.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

சிம்கோ ஏரியில் மீன் பிடிக்க என்னிடம் 16 அடி அலுமினியப் படகு ஒன்று இருக்கிறது. பற்றரி பின்னால், பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில். மெதுவாக ஓட உதவும் மின்சார ட்ரோலிங் மோட்டர் முன்னால், எங்கட ஊர்க் கடற்கரையில் அணியம் என்று சொல்லும் இடத்தில். இரண்டுக்கும் இடையில் கார்ப்பெட்டுக்கு அடியால் 5 மீற்றர் வயர். வயரை இழுத்தது நான்தான். பியூஸும் போட்டேன். ஆனால் அணியத்தில், மோட்டருக்குப் பக்கத்தில் போட்டேன். கண்ணுக்குத் தெரியும், எரிந்தால் மாற்றுவது லேசு என்பதுதான் என் கணக்கு.

போன வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மோட்டரை நிற்பாட்டிவிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். "அப்பா, பிளாஸ்டிக் எரியிற மணம் வருது" என்றாள் மகள். போனை எடுத்து ஆப்பைப் பார்த்தேன். ஒன்றுமே ஓடாத நேரத்தில் பற்றரியிலிருந்து 90 அம்பியர் போய்க்கொண்டிருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. பின்னால் ஓடிப்போய் பற்றரி வயரைக் கழற்றினேன். கார்ப்பெட்டைத் தூக்கினால் புகை. படகின் அதிர்வில் வயர் ஓர் அலுமினிய விளிம்போடு மாதக்கணக்காக உரசி, உறை தேய்ந்து, செம்பு உடலைத் தொட்டிருக்கிறது. பின்னால் இருக்கும் எஞ்சினின் இரும்புதான் பற்றரியின் மைனஸோடு சேர்ந்திருப்பது. எஞ்சின் படகின் உடலில் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அலுமினிய உடல் முழுக்க மைனஸ். சுற்று பூர்த்தியாகிவிட்டது.

12 வோல்ற்றில் 90 அம்பியர் என்றால் ஒரு கிலோவாற்றுக்கும் மேல். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க வைக்கிற ஹீட்டர் ஒன்று கார்ப்பெட்டுக்கு அடியில் எரிகிற மாதிரி. இரண்டு எட்டு தள்ளிப் பெற்றோல். கரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நீந்திப் போகிற தூரம் இல்லை.

அணியத்தில் இருந்த என் பியூஸ் கடைசிவரை எரியவில்லை. எரியவும் முடியாது. பழுது நடந்தது பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில். அந்தக் கரண்ட் பியூஸ் வழியாகப் போகவே இல்லை.

பியூஸ் யாருக்குக் காவல்?

பியூஸ் கருவியைக் காப்பாற்றுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. வயர் தாங்குவதைவிடக் கூடக் கரண்ட் ஓடினால், வயர் எரிய முதல் பியூஸ் எரிய வேண்டும். இதை ஒப்புக்கொண்டால் மற்றது எல்லாம் தானாக வரும்.

முதலாவது, இடம். கரண்ட் எங்கிருந்து வருகிறதோ அங்கே. அமெரிக்கப் படகு, யாட் கவுன்சிலின் (ஏபிஒய்சி) ஈ-11 தரவிதி 7 அங்குலம் என்கிறது. ஒரு சாணுக்கும் குறைவு. வயர் நேரே பற்றரி முனையிலிருந்து வந்து, முழுக்க ஒரு குழாய்க்குள்ளோ உறைக்குள்ளோ போனால் 72 அங்குலம் வரை விதிவிலக்கு உண்டு. என் அபிப்பிராயம், அந்த விலக்கை மறந்துவிடுங்கள். பற்றரி முனையிலேயே பூட்டுகிற எம்ஆர்பிஎஃப் வகைப் பியூஸ்கள் இருக்கும்போது தூரம் போக ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது, அளவு. முதலில் வயர், பிறகு பியூஸ். என் மோட்டர் முழு வேகத்தில் 50 அம்பியர் எடுக்கும். நான் இழுத்திருந்தது 10 கேஜ் வயர். நல்ல கடல்தர வயர் என்றால், எஞ்சின் அறைக்கு வெளியே அது 60 அம்பியர் தாங்கும். "பிறகென்ன, சரிதானே" என்று தோன்றும். ஆனால் போக 5, வர 5 என்று 10 மீற்றர் வயரில் 1.6 வோல்ற் தொலைந்துபோகிறது. மோட்டருக்கு இழுவை காணாது என்று ஒரு சீசன் முழுக்க மோட்டரைத் திட்டினேன். குற்றவாளி வயர். இப்போது 6 கேஜ் போட்டிருக்கிறேன். இழப்பு 0.65 வோல்ற். அது 120 அம்பியர் தாங்கும்.

பியூஸின் அளவுக்குக் கீழே ஒரு எல்லை, மேலே ஒரு எல்லை. கீழ் எல்லை, கருவி எடுக்கும் கரண்டைவிடக் கால்வாசி கூட. மேல் எல்லை, வயர் தாங்கும் அளவு. எனக்கு 80 அம்பியர் பியூஸ் பொருந்துகிறது. பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரிய பியூஸ் போடுவது, காய்ச்சல் காட்டுகிற தெர்மாமீற்றரை உடைக்கிற வேலை. பில்ஜ் பம்ப் மாதிரிச் சின்ன மோட்டர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். குப்பை சிக்கி மோட்டர் சுற்றாமல் நின்றால், 15 அம்பியர் பியூஸ் எரிய முதல் பம்ப் எரிந்துவிடும். பம்போடு வந்த தாளில் எழுதியிருக்கும் அளவையே போடுங்கள்.

"பிஎம்எஸ் இருக்குத்தானே?"

இந்தக் கதையைச் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "மச்சான், பிஎம்எஸ் இருக்கேக்க உதெல்லாம் ஏன்? ஷோர்ட் எண்டால் அது கண் மூடித் திறக்கமுதல் கட் பண்ணிப்போடும்."

தொழில்நுட்பம் தெரிந்த நாங்கள் எல்லாரும் விழுகிற குழி இதுதான். பற்றரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் நல்ல சாமான்தான். ஆனால் அது காப்பது பற்றரியின் செல்களை. என்னுடையது 100 அம்பியர் வரை விடும். 90 அம்பியர் அதற்கு ஒரு சாதாரண நாள். 60 தாங்குகிற வயர் வெளியே வேகுவது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பற்றரிப் பக்கத்தில் 60 அம்பியர் பியூஸ் இருந்திருந்தாலும், 90 அம்பியரில் அது அந்தக் கணமே எரிந்திராது. கொஞ்ச நேரம் எடுத்திருக்கும். பியூஸ் மந்திரம் இல்லை. ஆனால் அது கட்டாயம் எரிந்திருக்கும். பிஎம்எஸ் பற்றரி தீரும்வரை விட்டிருக்கும்.

மற்றது, பிஎம்எஸ் கரண்டை வெட்டுவது மொஸ்ஃபெற் என்கிற குறைகடத்திகளால். அவை பழுதானால், மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கலாம். அப்போது வெட்ட ஆள் இல்லை. பியூஸுக்கு மென்பொருளும் இல்லை, அப்டேட்டும் இல்லை. உலோகம் சூடானால் உருகும், அவ்வளவுதான். உயிர் போகிற இடத்தில் எனக்கு அந்த மொக்குச் சாமான்தான் வேண்டும்.

அம்பியருக்கு முன் பார்க்க வேண்டிய எண்

லித்தியத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கடைக்காரரும் சொல்ல மாட்டார். பியூஸ் உருகினால் கரண்ட் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். உருகிய இடைவெளியில் மின்பொறி பாயும். வீட்டு மின்சாரம் ஒரு செக்கனுக்கு 120 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் அந்தப் பொறி அணைய வாய்ப்புக் கிடைக்கும். பற்றரி மின்சாரம் பூச்சியத்துக்கு வரவே வராது. பொறியை அணைக்கிற சக்தி பியூஸுக்கே இருக்க வேண்டும். அதற்கு ஓர் எண் உண்டு. எத்தனை அம்பியர் வரை இந்தப் பியூஸால் பத்திரமாக வெட்ட முடியும் என்பது.

லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியின் உள்தடை மிகக் குறைவு. பற்றரி, இணைப்பு, வயர் எல்லாம் சேர்ந்து 4 மில்லி ஓம் என்று வைத்தால், நேரடிக் குறுஞ்சுற்றில் 3,300 அம்பியர். இரண்டு மூன்று பற்றரிகளைச் சமாந்தரமாகப் போட்டால் இன்னும் ஏறும். காரில் இருக்கும் சின்னத் தட்டைப் பியூஸ் வெட்டக்கூடியது 1,000 அம்பியர் அளவில்தான். தரமான ஏஎன்எல் 6,000. எம்ஆர்பிஎஃப் 14 வோல்ற்றில் 10,000. கிளாஸ் ரீ 20,000.

ஆகவே என் சிபாரிசு இதுதான். 12 வோல்ற்றில் ஒரே ஒரு பற்றரி என்றால் எம்ஆர்பிஎஃப் போதும். பல பற்றரிகள் சேர்ந்த பெரிய தொகுதி, இன்வேர்ட்டர் என்றால் பிரதான பியூஸ் கிளாஸ் ரீ, அதோடு ஒவ்வொரு பற்றரிக்கும் தனித்தனிப் பியூஸ். இந்த எண் அச்சடிக்கப்படாத, தங்க முலாம் பூசின கார் ஓடியோ பியூஸ்களைப் படகுக்குக் கொண்டுவராதீர்கள். பெற்றோல் இருக்கும் அறைக்குள் வைப்பதென்றால், தீப்பொறி வெளியே வராத வகை என்று குறிப்பிட்டதை மட்டும் வாங்குங்கள்.

எஞ்சினை ஸ்ரார்ட் செய்யும் தடித்த வயருக்கு ஈ-11 பியூஸ் கேட்பதில்லை. உண்மைதான். நூற்றுக்கணக்கான அம்பியர் ஒரு கணத்தில் வேண்டிய இடம் அது. ஆனால் அந்தச் சலுகை அந்த ஒரு வயருக்கு மட்டும்.

பூட்டும்போது ஒரு வார்த்தை. வயரின் லக் நேரே பியூஸின் உலோகத்தோடு முட்ட வேண்டும், வாஷர் மேலே வர வேண்டும். இடையில் வாஷரை வைத்தாலோ, நட் தளர்ந்திருந்தாலோ, அந்த இணைப்பே சூடாகிப் பியூஸ் காரணமில்லாமல் எரியும். சீசன் தொடங்கும்போது ஒருக்கா இறுக்கிப் பாருங்கள். வயர் விளிம்புகளைத் தாண்டும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள். என் வயருக்கு அது இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திராது.

ஆயிரம் டொலர் பற்றரி வாங்குகிறோம், அதற்குமேல் மீன் காட்டும் திரை வாங்குகிறோம். பியூஸ் என்று வரும்போது மட்டும் கராஜில் கிடந்ததை எடுத்துப் பூட்டுகிறோம். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். பியூஸ்தான் முதல் வாங்க வேண்டிய சாமான்.

இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யுங்கள். பற்றரி முனையில் கையை வையுங்கள், சாணை விரியுங்கள். உங்கள் பியூஸ் அதற்குள் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு படம் எடுத்து இந்தக் கடிதத்துக்குப் பதிலாக அனுப்புங்கள். அடுத்த எபிசோட்டில் ஆளாளுக்குப் பார்த்துச் சரிசெய்வோம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, முதல் படம் என்னுடையதுதான்.

அடுத்த வாரம் சந்திப்போம்.