குடும்ப வழக்கும் மத்தியஸ்தமும்

புருஷன் பெண்ஜாதி மனஸ்தாபம், அண்ணன் தம்பி பாகத் தகராறு, கூடப்பிறந்தவளுக்குச் சொத்தில் பங்கு கொடுக்க மறுப்பது ஆகிய இவைகளைக் கோர்ட்டுக்கு இழுத்துப் போய், வருஷக்கணக்காய் அலைந்து, இருக்கிற காணியையும் வக்கீலுக்கு விற்றுக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போவதைவிட, நடுநிலையான ஒருவர் முன் இரு கக்ஷியாரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுவது மேலானது என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. 1984-ம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமும், சமாதானத்துக்கு முதலில் முயற்சிப்பது கோர்ட்டின் கடமை என்றே சொல்லுகின்றது. சென்னை ஹைக்கோர்ட்டில் 2005-ல் மத்தியஸ்த நிலையம் ஏற்பட்டது. 2023-ல் இதற்கென்றே தனிச் சட்டமும் பார்லிமெண்டில் நிறைவேறியது.

ஆனால் மத்தியஸ்தம் என்றவுடன் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது எது? ஊர்ச் சாவடியும், ஜாதிப் பெரியதனக்காரரும், எட்டத்தில் தலைகுனிந்து நிற்கும் பெண்ணுந்தானே! அவளுக்காக அவளுடைய தகப்பன் பேசுவான்; அவனுக்குப் பதில் மாமனார் பேசுவான்; தீர்ப்பைப் பெரியதனக்காரர் சொல்லுவார். வாழவேண்டியவளை மாத்திரம் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். மீறினால் அபராதம், இல்லாவிட்டால் ஊர்விலக்கு. இதற்குப் பேர் மத்தியஸ்தமா? இம்மாதிரிக் கட்டப் பஞ்சாயத்துகள் முழுதும் சட்டவிரோதமானவை என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிற்று.

மத்தியஸ்தர் என்பவர் தீர்ப்புச் சொல்லுகிறவரல்லர். இரு கக்ஷியையும் சேர்த்தும், தனித்தனியாகவும் கேட்டு, அவர்களே ஒரு முடிவுக்கு வரும்படி வழிகாட்டுவதே அவர் வேலை. அங்கே பேசியதைக் கோர்ட்டில் சாக்ஷியமாக இழுக்கக் கூடாது. ஒப்பந்தத்துக்கு யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. முடிவு ஏற்படாவிட்டால் வழக்கு முன்போலவே நடக்கும்.

சமரசமென்றால் எப்படியாவது சேர்த்து வைத்துவிடுவதுதான் என்று நினைக்கிற யோக்கியர்களும் இருக்கிறார்கள். கல்லானாலும் கணவன் என்ற பழைய பல்லவியைத்தான் இவர்கள் மத்தியஸ்தமென்ற புதுப் பேரில் பாடுகிறார்கள். ஒத்துவராத இருவர், ஜீவனாம்சம் இவ்வளவு, நகை இன்னது, பிள்ளை யாரிடம் என்று பேசி முடித்துக்கொண்டு மரியாதையாய்ப் பிரிந்து போவதும் சமரசந்தான். இருவரும் சம்மதித்து விவாகரத்துப் பெற இந்து விவாகச் சட்டத்திலேயே 1976 முதல் இடமிருக்கின்றது. அடி உதைக்குப் பயந்து ஓடி வந்தவளிடமோ, “கொஞ்சம் விட்டுக்கொடம்மா” என்று பேசுவது அயோக்கியத்தனமாகும். அவளுக்கு முதலில் வேண்டியது பந்தோபஸ்து. அதை மாஜிஸ்ட்ரேட் உத்தரவின் மூலம் பெறவும், புருஷன் வீட்டிலிருந்து வெளியேற்றப்படாமல் இருக்கவும் 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் வழி செய்திருக்கின்றது.

சொத்து விஷயமோ இதைவிட மோசம். நம் மாகாணத்தில் 1989-லேயே, அதற்குமுன் கலியாணமாகாத பெண்களுக்குப் பிதுரார்ஜித சொத்தில் ஆணோடு சம பங்கு வந்தது. 2005-ல் இந்தியா முழுவதற்கும் வந்த திருத்தம் கலியாணமானவள், ஆகாதவள் என்ற பேதத்தையும் எடுத்துவிட்டது. தகப்பன் அன்றைக்கு உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பினாலேயே பாத்தியதை உண்டு என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிற்று. ஆயினும் இன்றைக்கும் தாய்மாமன் சீர் செய்தாகிவிட்டதென்றும், “பிறந்த வீட்டு வாசல் வேண்டாமா” என்றும் சொல்லி, அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இதையும் நாலு பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த சமாதானம் என்கிறார்கள்! தன் பங்கு இவ்வளவு என்று தெரிந்து, மனமொப்பி அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறவளை நாம் குறை சொல்லவில்லை. தெரியாமல் விட்டதை விட்டுக்கொடுத்ததாக எப்படிச் சொல்லமுடியும் என்றுதான் கேட்கின்றோம்.

ஆகவே, பேச்சு ஆரம்பிக்குமுன் பெண்ணின் சட்டப்படியான பாத்தியதை இன்னதென்று அவளுக்குச் சொல்லப்படவேண்டும். சொல்லுவதற்கு ஆளில்லையென்று யாரும் சாக்குச் சொல்லவேண்டியதில்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, வரும்படி எவ்வளவாயிருந்தாலும், பெண்களுக்கு இலவசமாய் வக்கீல் வைத்துக் கொடுக்கப்படும். ஜில்லாக் கோர்ட்டிலும் தாலூக்காக் கோர்ட்டிலும் உள்ள சட்ட உதவிக் குழுவில் ஒரு மனுக் கொடுத்தால் போதும். பத்திரத்தை நீட்டுகிறவர்களிடம், “வக்கீலைக் கேட்டுவிட்டு வருகிறேன், நாலு நாள் பொறுங்கள்” என்று நம் சகோதரிகள் சொல்லிப் பார்க்கட்டும். அந்தப் பெரியவர்களில் எத்தனை பேர் அதற்குச் சம்மதிக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.