நாலேகால் மணிக்கு எந்தக் குவாரி வெடிக்கிறது?

திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கம் தரை அதிர்ந்தால் அது கல்குவாரி வெடிதானாம். புள்ளியியல் என்பது அதை மூடிமறைக்கும் வித்தையாம். இப்படி வாதிடுகிறார் நண்பர். குவாரிகள் மேல் அவருக்குள்ள கோபம் எனக்கும் உண்டு. அதைக் கணக்கின் மேல் ஏன் காட்டுகிறார்?

2021 நவம்பர் 29 அன்று வேலூருக்கு மேற்கே பதிவான 3.6 அளவு அதிர்வு, விடியற்காலை நாலேகால் மணிக்கு வந்தது. அந்நேரத்தில் எவர் வெடி வைத்தார்? ஓர் அதிர்வு போதாது என்றால், நூறு அதிர்வுகளை மணிவாரியாக அடுக்கட்டும். குவாரி வெடிகள் பகல் வேலைநேரத்தில் குவியும். நிலநடுக்கம் இரவு பகல் பார்க்காது. மேலும், வெடியில் பொதுவாக முதலில் வரும் பி அலை ஓங்கும். பாறை வழுக்கினால் பின்னால் வரும் எஸ் அலை ஓங்கும்.

அணுகுண்டுச் சோதனைகளைக் காட்டிக்கொடுப்பதும் இத்தகைய கணக்குதான். கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 20 நில அதிர்வு உணரிகள் எல் வடிவில் நிற்கின்றன. அவற்றின் பதிவுகளை நேரம் சரிக்கட்டிச் சேர்த்தால், இரைச்சல் ஏறக்குறைய நாலரை மடங்கு தணியும்.

தவறு நேராதா? நேரும். 1998 மே 13 பொக்ரான் அணு வெடிகளை வெளிநாட்டு நிலையங்கள் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு, தான் தவறக்கூடிய அளவையும் சேர்த்தே சொல்கிறது. நண்பர் சொல்லவில்லை.

குவாரியை எதிர்ப்பவர்களே, வெடி வைத்த நாள், நேரம், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதிர்வுப் பதிவோடு ஒப்பிடுங்கள்.