அழகுக்கு வந்த அந்நியன்

முதுமலையிலே புலி வாழ்கிறது. எதை நம்பி வாழ்கிறது? புள்ளிமானை நம்பி, கடமானை நம்பி, காட்டெருதை நம்பி! மான் எதை நம்பி வாழ்கிறது? புல்லை நம்பி! அந்தப் புல்லைப் பறித்தவன் யார்? அதைத்தான் கேட்கிறோம்.

மைசூர்ச் சாலையிலே சொகுசுக் காரில் வரும் சீமான், மரமெல்லாம் மஞ்சள் பூத்து நிற்பதைக் கண்டு, "ஆகா, என்னே எழில்!" என்று மெய்மறக்கிறார். அது எழில் அல்ல, தோழர்களே, ஏய்ப்பு! நம் சரக்கொன்றையின் சாயலிலே நிற்கும் அந்த மஞ்சட்கொன்றை தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்கென வந்தது. அதன் நிழலிலே புல் முளைப்பதில்லை. அதற்கு மூத்தவன் உண்ணிச்செடி. 19-ஆம் நூற்றாண்டிலே வெள்ளைக்காரத் துரைமார்களின் தோட்டத்துக்குப் பூச்செடியாக வந்தான். பறவை பழத்தைத் தின்றது, விதையைக் காடெங்கும் தூவிற்று. இலையோ நஞ்சு, மான் வாய் வைக்காது. கோடையிலே காய்ந்து நின்று காட்டுத்தீக்குப் பாய் விரிக்கிறது.

முதுமலை 1940-ல் சரணாலயம். 2007-ல் புலிகள் காப்பகம். அதன் உட்பகுதி 321 சதுர கிலோமீட்டர்தான். மேற்கே தேக்கும் ஈட்டியும் மூங்கிலும், கிழக்கே சீகூர்ப் பக்கம் முள்மரக் காடும், நடுவே மாயாறும் கொண்ட சின்னஞ்சிறு சீமை. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரந்த ஸ்ரீசைலத்துக் காப்பகம் ஓரளவு இழப்பைத் தாங்கும். இது தாங்குமா?

ஆனால் காட்டைக் கெடுத்தவன் என்று பட்டம் யாருக்கு? காட்டுநாயக்கருக்கு! இருளருக்கு! குறும்பருக்கு! தேனெடுத்தவன் ஆக்கிரமிப்பாளன், பூச்செடி கொண்டுவந்த துரை நாகரிகவான்! அவர்களுக்குக் காட்டிலே உரிமையுண்டு என்று சொல்ல 2006-ல் ஒரு சட்டம் தேவைப்பட்டது, வெட்கம்!

2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. மஞ்சட்கொன்றையைக் காகித ஆலைக்கு அனுப்பவும் வழி செய்யப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததா? வெட்டிய அடிமரத்திலே ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும்! பட்டை உரிக்க வேண்டும், கன்றை வேரோடு பிடுங்க வேண்டும், வெளியான நிலத்திலே நாட்டுப் புல் வளர்க்க வேண்டும். ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஆலையின் கணக்கு எடையோடு முடியும், காட்டின் கணக்கு முடியாது.

இதற்குக் கை வேண்டும். எந்தக் கை? கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணிச்செடித் தண்டால் முழு உருவ யானைகள் செய்தார்கள். 2021-ல் இலண்டன் பூங்காக்களிலே அவை நின்றன, துரைமார் நாட்டார் வியந்தார்கள். அந்தக் கைகளுக்குப் பருவம் முடிந்ததும் கணக்குத் தீர்க்கும் கூலிவேலை போதாது. ஆண்டு முழுதும் வேலை, மாதச் சம்பளம், வேலையிலே அடிபட்டால் ஈடு, எந்தப் பகுதியை எப்போது துப்புரவாக்குவது என்று முடிவு செய்கையில் ஊர்க் கிராம சபைக்கு வாக்கு – இவை வேண்டும். கோட்டையில் அமர்ந்திருப்போர் யாராயினும், அடுத்த நிதிநிலை அறிக்கையிலே இதற்குத் தொகை எங்கே என்று காட்டட்டும்.