மதில் மேல் பூனையா?

நடுநிலை நாடு என்றாலே நம்மாட்கள் சிலருக்கு இளக்காரம். "மதில் மேல் பூனைங்க, எந்தப் பக்கம் குதிக்கும்னே தெரியாது" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

எங்கள் பாலக்காடு ஜில்லா ஒற்றப்பாலத்துக்காரர் கே.பி.எஸ். மேனனை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலர். 1948-ல் கொரியாவுக்கான ஐ.நா. தற்காலிகக் கமிஷனுக்குத் தலைவர். வடக்கே சோவியத் தரப்பு கமிஷனை உள்ளேயே விடவில்லை. தெற்கில் மட்டுமாவது தேர்தல் நடத்து என்றது அமெரிக்கா. அப்படி நடத்தினால் நாடு இரண்டாகும் என்று மேனனுக்குத் தெரியும். ஆனாலும் கடைசியில் இந்தியாவின் ஓட்டு தனித் தேர்தலுக்கே விழுந்தது. அந்த ஒருமுறை மூளையை மனசு ஜெயித்துவிட்டது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அதே வருஷம் தெற்கில் ஒரு அரசு, வடக்கில் ஒரு அரசு. 1950-ல் போர்.

அதற்கப்புறம் இந்தியா அவசரப்படவில்லை. இரண்டு கொரியாவோடும் முழு தூதரக உறவு ஒரே நாளில்தான் வந்தது, 1973 டிசம்பர் 10. இதைக் கோழைத்தனம் என்பவர்கள் 1953-ஐ மறந்துவிடுகிறார்கள். போர்க் கைதிகள் பிரச்சினையைத் தீர்க்க வந்த கமிஷனுக்கு இந்தியாவின் திம்மையா தலைவரானார். சண்டை போட்ட இரு தரப்புக்கும் இந்தியாவை ஏற்க முடிந்ததுதான் காரணம்.

ஆப்பிரிக்காவில் தான்சானியாவுக்கும் இதே தலைவலி, ஜெர்மனி வடிவில். 1964-ல் தங்கனீகாவும் சான்சிபாரும் இணைந்தபோது, சான்சிபாரில் கிழக்கு ஜெர்மனியின் தூதரகம் இருந்தது. தங்கனீகாவுக்கோ மேற்கு ஜெர்மனியின் உதவி வந்துகொண்டிருந்தது. 'கிழக்கை அங்கீகரித்தால் எங்கள் உறவு கிடையாது' என்பது மேற்கின் கொள்கை. நைரேரே நடுவழி பிடித்தார். கிழக்குக்கு அங்கீகாரம் இல்லை, தார் எஸ் சலாமில் ஒரு துணைத் தூதரகம் மட்டும். 1965-ல் மேற்கு ஜெர்மனி ராணுவ உதவியை நிறுத்தியது. மிச்ச அரசு உதவியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் நைரேரே. ஏழை நாடு, ஆனாலும் சொன்னார்.

தாமதத்துக்கும் விலை உண்டு, மறுக்கவில்லை. இஸ்ரேலை 1950-ல் அங்கீகரித்துவிட்டு, முழு உறவை 1992 வரை இழுத்தோம். அது ரொம்ப அதிகம் என்பேன்.

ஆனால் இந்த நெருக்கடி பழங்கதை இல்லை. தைவானா பெய்ஜிங்கா என்ற கேள்வியில் 2018-ல் புர்கினா ஃபாசோ பக்கம் மாறியது. இப்படி மாறும் நாடுகளைக் கேலி செய்யுமுன், அந்த மேசையில் என்ன வைத்துப் பேரம் பேசினார்கள் என்று கேளுங்கள். மதிலில் உட்கார்ந்து யோசிப்பது தப்பில்லை. அடுத்தவன் காட்டும் கருவாட்டுக்காகக் குதிப்பதுதான் தப்பு.