பின்னால் இருப்பவர் கையில் பிரேக் இல்லை



பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் கேட்டார்: "சார், டேண்டம் சைக்கிள் வாங்கப் போறேன். மலைக்கும் போகணும். ரிம் பிரேக் போதுமா? டிஸ்க்கெல்லாம் வெறும் பகட்டுன்னு கடைக்காரர் சொல்றார்."

முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன். கணக்குப் போடாமல் எனக்குப் பதில் வராது.

இருவரும் சைக்கிளும் சேர்ந்து 160 கிலோ என்று வையுங்கள். ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 15.7 லட்சம் ஜூல். ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! கொஞ்சத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் பெரும்பகுதி பிரேக்குக்குத்தான்.

ரிம் பிரேக்கில் அந்தச் சூடு ரிம்மில் ஏறும். அதை ஒட்டியே ட்யூபும் டயரும். காற்றழுத்தம் கூடி டயர் கழன்று வெடிக்கலாம். மழையில் ரிம் நனைந்தால் பிடிப்பும் குறையும்.

ஒருமுறை பாதி மலையில் நிறுத்தி ரிம்மைத் தொட்டேன். விரல் கொப்பளித்துவிட்டது. பின் இருக்கையில் பார்வையற்ற நண்பர். "ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்றார். "தண்ணி குடிக்கத்தான்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் விரலைவிட அதிகம் சுட்டது.

டிஸ்க்கில் சூடு டயரை விட்டுத் தள்ளி நிற்கும். அதற்காக அது குறையே இல்லாதது என்று சொல்லமாட்டேன். சின்ன டிஸ்க் சீக்கிரம் காய்ந்துவிடும். ஹைட்ராலிக் வகையில் திரவம் கொதித்தால் பிரேக் பிடி தொளதொளத்துப் போகும். டேண்டத்துக்கு 203 மில்லிமீட்டர் டிஸ்க் வேண்டும். விடாமல் அழுத்திக்கொண்டே இறங்காமல் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நடுவில் நின்று ஆறவிட வேண்டும்.

சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்கு ரிம் பிரேக் தாராளம். விலை குறைவு, தேய்ந்த கட்டையை எந்த சைக்கிள் கடையிலும் மாற்றலாம். அந்த அளவில் கடைக்காரர் சொன்னது சரி. மலைக்குப் போவதென்றால் டிஸ்க்தான். பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சட்டத்திலும் முன் ஃபோர்க்கிலும் அதற்கான இடம் முதலிலேயே இருக்க வேண்டும்.

பெரும்பாலான டேண்டங்களில் பிரேக் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவர் நம்பி உட்கார்ந்திருக்கிறார். ஆகவே எந்தப் பிரேக் என்பதை அவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

போன வாரம் நண்பரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அடுத்த தடவை அங்கேயே சொல்லிடுங்க சார், சேர்ந்தே நடந்து இறங்கலாம்" என்றார்.