எம்.சி.பி. ஆளைக் காப்பாற்றாது

சென்னை கோவிலம்பாக்கம் பக்கம் புது வீட்டின் மெயின் பெட்டியைத் திறந்து காட்டுகிறவர்கள் தவறாமல் சொல்லும் வரி ஒன்று உண்டு: "எல்லா லைனுக்கும் எம்.சி.பி. போட்டாச்சு, ஷாக் அடிச்சா தானா விழுந்துடும்." எலக்ட்ரீஷியன் சொன்னது, அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னது. விழாது.

எம்.சி.பி.யின் வேலை வயரைக் காப்பது. 1924-இல் ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றதும் இதற்காகத்தான்: அளவுக்கு மீறிய கரண்டில் வயர் சூடேறித் தீப்பிடிக்கக் கூடாது. வீடுகளில் மாட்டும் 'சி' வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. சட்டென்று விழ 80 முதல் 160 ஆம்பியர் ஓட வேண்டும். ஈரக் கையோடு, வெறுங்காலோடு, கரண்ட் கசியும் சம்ப் மோட்டாரைத் தொடுகிறவரின் உடல் தடை 1000 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுப்பதைவிடக் குறைவு. எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாது. இதயத்தை நிறுத்த அது தாராளம். பிடித்த கம்பியை விட முடியாமல் போக ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் போதும் என்று அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் அளந்து சொன்னார். பெட்டியில் எழுதியிருக்கும் 16-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"எர்த் இருக்கே?" என்பார்கள். இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் கோடையில் காய்ந்த எர்த் குழியின் தடை 10 ஓம் என்றால், கசிவு எவ்வளவு மோசமானாலும் அதன் வழியே 23 ஆம்பியருக்கு மேல் போகாது. 32 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.கூட விழ ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை மோட்டாரின் இரும்பு உடம்பில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, அதாவது அவ்வளவு யார் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போனாலே, நொடியில் ஒரு பகுதிக்குள் லைனை வெட்டிவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் வீடுகளுக்கு இந்த 30-ஐத்தான் வரம்பாக வைத்திருக்கின்றன. வீட்டுக்குக் கிரானைட் போடக் கணக்குப் பார்க்காதவர்கள் ஆர்.சி.சி.பி.க்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள்.

இன்னொரு கூத்து உண்டு. நாராயணபுரம் ஏரி நிரம்பி, பள்ளிக்கரணை சதுப்புநிலம் வரை தண்ணீர் நிற்கிற ஐப்பசி கார்த்திகையில், தரைத்தளச் சுவர் ஊறிப்போய் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். "சும்மா சும்மா விழுது சார்" என்று எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிட்டுப் போவார். சும்மா விழவில்லை. எங்கோ கசிகிறது, அல்லது இன்வெர்ட்டர் போட்டவர் நியூட்ரலை மாற்றிச் சேர்த்திருக்கிறார். லைன்களின் எம்.சி.பி.களை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பல வீடுகளில் கீஸர், இல்லையென்றால் சம்ப் மோட்டார்.

ஆர்.சி.சி.பி.க்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதுவும் ஏமாறும். ஓவர்லோடையும் அது கவனிக்காது, அதற்கு எம்.சி.பி. வேண்டும். அதன் முகப்பில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி, அன்றைக்கே மாற்றுங்கள்.