படம் கழுவும் மருந்தும் கிணற்று நீரும்



அலுமாரிக்குள் கிடந்த பழைய கமெராக்கள் மறுபடியும் வெளியே வருகின்றன. நான் வேலை செய்யும் கிராமங்களில் இளம் பெண்கள் சிலர் அப்பாவின், மாமாவின் கமெராவில் கறுப்பு வெள்ளைப் பிலிம் போட்டுப் படம் எடுக்கிறார்கள். கழுவிக் கொடுக்க முன்பு போல் சந்திக்குச் சந்தி ஸ்ரூடியோ இல்லை. "வீட்டில் கழுவலாமா அக்கா? என்ன மருந்து வாங்குவது?" என்று கேட்கிறார்கள்.

தாராளமாகக் கழுவலாம். தனி இருட்டறை கூடத் தேவையில்லை. வெளிச்சம் புகாத பையும், அதற்குள் வைத்துப் பிலிமைச் சுற்றி மூடும் பிளாஸ்ரிக் ராங்கும் போதும். ஆனால் மருந்தைத் தெரிவு செய்யும்போது மூன்றைப் பார்க்க வேண்டும்: எந்தப் பிலிம், யாருடைய கை, எந்தக் கிணறு.

இது புதிய கவலை அல்ல. ஜூலியா மார்கரெட் கமெரோன் என்ற ஆங்கிலேயப் பெண் 48 வயதில் படம் எடுக்கத் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர். கோழிக்கூட்டைத்தான் படம் எடுக்கும் கூடமாக மாற்றினார். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். இங்கு அவர் எடுத்த படங்கள் மிகக் குறைவு. மருந்தும் சுத்தமான தண்ணீரும் கிடைப்பது கடினமாக இருந்தது அதற்கு ஒரு காரணம்.

முதல் மருந்து டெவலப்பர். பிலிமில் மறைந்திருக்கும் படத்தை வெளியே கொண்டுவருவது இதுதான். உலகெங்கும் பழக்கத்தில் உள்ளது கொடக் டி-76. இல்போர்ட் ஐ.டி.-11 உம் ஏறக்குறைய அதேதான். ஒரு லீற்றரில் மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போறாக்ஸ் 2 கிராம். புதிதாகப் பழகுபவர்களுக்கு நம்பிக்கையான மருந்து. ஆனால் மெற்றோல் சிலருக்குக் கையில் சொறியும் வெடிப்பும் உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். நாள் முழுக்கச் சவர்க்காரத்திலும் தண்ணீரிலும் ஊறிய கைகளுக்கு இது இன்னும் ஆகாது. கையுறை கட்டாயம். தோல் வருத்தம் உள்ளவர்கள் மெற்றோல் இல்லாத, விற்றமின் சி வகையைச் சேர்ந்த எக்ஸ்டோல் போன்றதைத் தெரிவு செய்யலாம்.

குசினிப் பொருளிலும் டெவலப்பர் உண்டு. அமெரிக்காவின் றொச்செஸ்ரர் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1995 இல் ஸ்கொட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் மாணவர்களும் கோப்பியில் படம் கழுவிக் காட்டினார்கள். இன்று பலர் பின்பற்றும் அளவு, ஒரு லீற்றருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி தூள் 16 கிராம், உடன் கோப்பித் தூள் 40 கிராம். 20 பாகையில் 15 நிமிடம். அப்பச் சோடா இதற்கு உதவாது. மணம் சகிக்காது, ஆனால் படம் வரும்.

இரண்டாவது மருந்து ஹைப்போ. வெளிச்சத்தில் படம் கெடாமல் நிலைக்கச் செய்வது இது. இதற்குக் குசினியில் சரியான மாற்று இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும். இடையில் டெவலப்பரை நிறுத்த, சுத்தமான தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினாலே போதும்.

இனித் தண்ணீர். எங்கள் நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. அதனால் பிலிம் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். விற்றமின் சி மருந்துகள் தண்ணீரில் உள்ள இரும்பு, செம்பால் விரைவில் வலுவிழக்கும். மருந்து கரைக்கவும் கடைசி அலசலுக்கும் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரைப் பாவியுங்கள். எங்கள் வெக்கையில் டெவலப்பர் வேகமாக வேலை செய்து படத்தைக் கறுப்பாக்கும். போத்தலை ஐஸ் கட்டி போட்ட பேசினில் வைத்து 20 முதல் 24 பாகைக்குக் குளிர்த்துங்கள். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். திடீரெனச் சூடு மாறினால் பிலிமின் மேற்பூச்சு சுருங்கிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போயின. ஒரு தாயிடம் பிஸ்கட் ரின்னுக்குள் கழுவாத ஒரு றோல் இருப்பதைப் பார்த்தேன். காணாமல் போன மகன் அதில் இருக்கிறான் என்று நம்புகிறார். அப்படியான றோலில் கோப்பி வேண்டாம். பழகிப் பார்க்கவும் வேண்டாம். பழைய பிலிமில் படரும் மூட்டத்தைக் கட்டுப்படுத்த எச்.சி.-110 என்ற மருந்தை அனுபவசாலிகள் விரும்புவார்கள். முதலில் ஒரு சிறு துண்டை இருட்டில் வெட்டிக் கழுவிப் பார்த்து நேரத்தை முடிவு செய்ய வேண்டும். கலர் றோல் என்றாலும் கறுப்பு வெள்ளை மருந்தில் படம் வரும். நிறம் மட்டும் வராது. எதுவும் தெரியாமலும் போகலாம் என்பதை அந்தத் தாய்க்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கழுவிய ஹைப்போவை எங்கே ஊற்றுவது? அதில் வெள்ளி கரைந்திருக்கும். எங்களுக்கு ஆறில்லை, குடிப்பது நிலத்தடி நீர். சுண்ணக்கல் வெடிப்பு வழியே ஊற்றியது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டதை மறக்க வேண்டாம். நாங்கள் ஊற்றுவது சிறிதளவுதான். ஆனாலும் கிணறு அயலவர்களுடையதும்தான். பாவித்த ஹைப்போவில் இரும்புப் பஞ்சைப் போட்டு சில நாள் விட்டால் வெள்ளி அதில் படியும். மிச்சத்தை அகன்ற பிளாஸ்ரிக் தட்டில் பிள்ளைகளும் கோழிகளும் எட்டாத இடத்தில் வெயிலில் வற்றவிட்டு, எஞ்சியதைப் போத்தலில் அடைத்து வையுங்கள். கிணற்றடியிலோ மலசலகூடக் குழியிலோ ஊற்ற வேண்டாம்.

மருந்துக்கு எடுத்த கரண்டியும் அளவுச் சாடியும் குசினிக்குத் திரும்பக் கூடாது. சோடாப் போத்தலில் மருந்து ஊற்றி வைக்க வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். கர்ப்பிணிகள் தூள் கரைக்கும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள். தனியாக வாங்கினால் செலவு கூட. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி, ஒரே நாளில் எல்லா றோல்களையும் கழுவினால் மருந்தும் மிஞ்சாது, கழிவும் குறையும்.